எஞ்சின் மாறினால் ஒயரிங்கும் மாற வேண்டும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக ஒரு நாழிகை நின்று பாருங்கள். டிராக்டர், டிரெய்லர், பழைய ஜீப், வைக்கோல் வண்டி, கரும்பு வண்டி என்று போய்க்கொண்டே இருக்கும். அவற்றில் சில வண்டிகளுக்கு உடம்பு ஒன்று, எஞ்சின் வேறொன்று. கம்பெனியில் வந்த எஞ்சின் தேய்ந்துபோயிருக்கும், அல்லது அதற்கு உதிரி பாகம் கிடைக்காமல் போயிருக்கும். வண்டியின் உடம்பு மட்டும் உறுதியாக இருக்கும். சரி, வேறு எஞ்சின் ஏற்றிவிடலாம் என்று செய்துவிடுகிறோம்.

இது நேற்று இன்று வந்த பழக்கம் அல்ல. 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகப் போயிற்று. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் வேலை ஊருக்கு ஊர் நடந்தது. அப்படி மாறிய வண்டிகளும், அதற்குப் பிறகு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எஞ்சின் மாற்றிய வண்டிகளும் இன்னும் கொல்லையில் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

எஞ்சினை உட்கார வைப்பது, கியர்பாக்ஸோடு பொருத்துவது, ரேடியேட்டர் மாட்டுவது, இதெல்லாம் நம்ம மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். அது ஒயரிங். நான் வண்டி ஒயரிங் வேலை பார்ப்பவன். எஞ்சின் மாற்றிய வண்டி என்னிடம் வந்தால், பத்தில் ஏழு எட்டு தடவை கோளாறு எஞ்சினில் இருக்காது, ஒயரில்தான் இருக்கும்.

ஒரு ராத்திரி நடந்தது

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். பழைய பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் ஏற்றினார். பட்டறையில் பதினைந்து நாள் வேலை. கடைசி நாள் மத்தியானம் உட்கார்ந்து, பழைய ஒயரையே அங்கே ஒட்டி இங்கே ஒட்டி ஒயரிங்கை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது.

பெட்ரோல் எஞ்சினுக்கு இக்னிஷன் காயில் உண்டு. டீசலுக்கு அது கிடையாது. அதனால் காயிலுக்குப் போன ஒயரை முனையில் டேப் சுற்றி அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். சாவியைப் போட்டால் அந்த ஒயரில் கரண்ட் வரும். அதற்கு ப்யூஸும் இல்லை. மூன்று மாதம் கழித்து, வைக்கோல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்த ஒரு ராத்திரியில், சைலன்சர் பைப்பின் சூட்டில் டேப் உருகி, செம்பு பைப்பில் பட்டது. அந்த ஒரு ஒயர் பழுத்து, கூட இருந்த ஒயர்களையும் சேர்த்து எரித்தது. கூட வந்த பையன் சமயோசிதமாகக் கொக்கிப் பின்னைப் பிடுங்கி டிரெய்லரைக் கழற்றினான். வைக்கோல் தப்பியது, ஆள்கள் தப்பினார்கள். ஜீப்பின் முன்பக்கம் கரியாகிவிட்டது.

மறுநாள் பெரியவர் என்னிடம் கேட்டார்: "எஞ்சின் நல்லாத்தானே ஓடிச்சு தம்பி, அப்புறம் எப்படி?"

"ஐயா, எஞ்சினை மாத்தினீங்க, ஒயரை மாத்தலையே!" என்றேன்.

அதைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்ல வந்தேன். எஞ்சின் மாறினால் ஒயரிங்கும் அதற்கென்று புதிதாகத் திட்டம் போட்டுக் கட்டப்பட வேண்டும். பழைய ஒயரை ஒட்டுப் போடுவது ஒயரிங் ஆகாது.

வாய்க்கால் தெரிந்தவருக்கு ஒயரும் தெரியும்

கரண்ட் என்றதும் பயப்படாதீர்கள். ஏரிப் பாசனம் தெரிந்த உங்களுக்கு இது புதிதே இல்லை. மதுராந்தகம் ஏரியானாலும் ஊர்ச் சித்தேரியானாலும் கணக்கு ஒன்றுதான். பேட்டரிதான் ஏரி. ஏரியில் தண்ணீர் நிற்கும் உயரம் போன்றது வோல்ட். வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். ஒயர்தான் வாய்க்கால். ஸ்விட்ச் என்பது மதகு. விளக்கும் ஹாரனும் செல்ஃப் மோட்டாரும் வயல்கள்.

வாய்க்கால் குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு எட்டாது. ஒயர் மெலிசாக இருந்தாலும் அப்படித்தான். பேட்டரி புதிதாக இருந்தும் ஹெட்லைட் மங்கலாக எரியும். ஒரு வித்தியாசம் உண்டு. வாய்க்காலில் வராத தண்ணீர் கரையை உடைக்கும். ஒயரில் தடைபடும் கரண்ட் சூடாக மாறி ஒயரையே எரிக்கும்.

இன்னொன்று. பாசன வாய்க்கால் மட்டும் வெட்டி வடிகால் வெட்டாவிட்டால் வேலை ஆகாது. வண்டியில் அந்த வடிகால்தான் எர்த். போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். எர்த்தை மறக்கிறவர்கள்தான் அதிகம். அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதம், பிறகு கத்தரி

ஒயரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வண்டியில் கரண்ட் சாப்பிடுவது எது எது, எவ்வளவு சாப்பிடும் என்று எழுதுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் ஹெட்லைட் ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 10. பிரேக் லைட்டும் இன்டிகேட்டரும் 21 வாட் பல்ப், அதாவது ஒவ்வொன்றும் சுமார் 1¾ ஆம்பியர். டெயில் லைட் 5 வாட்தான், அரை ஆம்பியருக்கும் குறைவு. டீசல் எஞ்சினின் ஹீட்டர் பிளக் ஒன்று 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். நாலு பிளக் என்றால் 40 ஆம்பியர் வரை போகும். செல்ஃப் மோட்டார் டீசல் எஞ்சினைச் சுற்றும்போது 200 ஆம்பியர், குளிர்ந்த எஞ்சினில் அதற்கு மேலும் இழுக்கும்.

இப்போது பாருங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு என்று போட்ட பழைய ஒயரில் ஹீட்டர் பிளக்குக்கு இடமே இல்லை. செல்ஃப் ஒயரும் சின்ன எஞ்சினுக்குப் போட்டது. பழைய ஒயரை ஒட்டுப் போட்டு ஓட்டுவது ஆபத்து என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

எழுதி முடித்ததும் படம் போடுங்கள். பேட்டரியிலிருந்து எது எங்கே போகிறது, நடுவில் எந்த ப்யூஸ், எந்த ஸ்விட்ச், எந்த ரிலே என்று கோடு இழுத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம், ஒரு நம்பர். நம்பரை ஒயரின் இரண்டு முனையிலும் எழுதி ஒட்டுங்கள். அந்தக் காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். நாலு வருஷம் கழித்து ராத்திரி நேரத்தில் வண்டி நின்றால், உங்களுக்கு உதவி அந்தக் காகிதம்தான்.

எந்த வேலைக்கு எந்த ஒயர்

ஒயர் கனத்தைச் சதுர மில்லிமீட்டரில் சொல்வார்கள். கடையில் 'ஒன்றரை ஸ்கொயர்', 'இரண்டரை ஸ்கொயர்' என்று கேட்டால் தருவார்கள். டெயில் லைட், மீட்டர் விளக்கு போன்ற சின்ன வேலைக்கு முக்கால் ஸ்கொயர் போதும். பிரேக் லைட், இன்டிகேட்டருக்கு ஒன்று. ஹாரனுக்கு ஒன்றரை அல்லது இரண்டரை. இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து முன்னால் போகும் பொது ஒயர் இரண்டரை. ஹீட்டர் பிளக்குக்கு 6 முதல் 10. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, அதன் ஆம்பியரைப் பொறுத்து 6 முதல் 10. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு 35-க்குக் குறையக் கூடாது. பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தால் 50 போடுங்கள். தூரம் கூடினால் வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும் அல்லவா!

மெலிந்த ஒயரால் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 10 ஆம்பியர் ஹெட்லைட் சுமையை 4 மீட்டர் தூரத்துக்கு முக்கால் ஸ்கொயர் ஒயரில் கொண்டுபோனால், வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் காணாமல் போகும். 12-ல் 1 போனால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்த 1 வோல்ட் குறைந்தால் பல்பின் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டரை ஸ்கொயரில் அதே தூரத்துக்கு இழப்பு கால் வோல்ட்டைச் சுற்றித்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயரை வண்டியில் போடவே கூடாது. அதிர்வில் கம்பி உள்ளுக்குள் முறிந்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. பல மெல்லிய இழைகள் கொண்ட வண்டி ஒயரைத்தான் வாங்க வேண்டும். அது எண்ணெயையும் எஞ்சின் சூட்டையும் தாங்கும்.

ப்யூஸ் யாருக்குக் காவல்?

'ப்யூஸ் விளக்கைக் காப்பாற்றும்' என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ப்யூஸ் ஒயரைக் காப்பாற்றுகிறது. ஒயர் எரியும் அளவுக்குக் கரண்ட் வருவதற்கு முன் ப்யூஸ் எரிந்து வழியை அறுத்துவிட வேண்டும். அதனால் ஒயரின் தாங்கும் சக்தியைப் பார்த்து ப்யூஸ் போட வேண்டும்.

ப்யூஸின் இடமும் முக்கியம். அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மதகு ஏரிக் கரையில்தானே இருக்கிறது, வயலில் இல்லையே! ப்யூஸை ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒயருக்கும், செல்ஃப் ஒயர் ஒன்று நீங்கலாக, ஒரு ப்யூஸ் கட்டாயம். செல்ஃப் ஒயர் இழுக்கும் கரண்டுக்குச் சாதாரண ப்யூஸ் நிற்காது. அதனால் அந்த ஒயரை ரப்பர் உறை போட்டு, எங்கும் இரும்பில் உரசாமல் தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

கத்தி ப்யூஸ் என்று தட்டையாக வருகிறதே, அதில் நிறத்தைப் பார்த்தாலே அளவு தெரியும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். சிகரெட் அட்டையில் இருக்கும் ஜிகினாத் தாளைச் சுற்றி ப்யூஸுக்குப் பதிலாகச் சொருகுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காவலாளியையும் அனுப்பிவிடுவதற்குச் சமம். ப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ப்யூஸ் போடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

எர்த்தை மறந்தால் கேபிள் பழுக்கும்

எஞ்சின் மாற்றும்போது எல்லாரும் மறக்கிற ஒன்று உண்டு. எஞ்சின் ரப்பர் மெத்தை மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. எஞ்சினையும் சேஸிஸையும் பேட்டரி நெகட்டிவோடு சேர்க்கும் தடித்த எர்த் பட்டை இருந்தால்தான் செல்ஃப் சுற்றும். பழைய எஞ்சினோடு அந்தப் பட்டையையும் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவார்கள்.

பிறகு செல்ஃப் அடித்தால் 200 ஆம்பியர் திரும்பி வர வழி தேடும். கிடைத்த வழி ஆக்ஸிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ ஆக இருக்கும். அந்த மெல்லிய கம்பி அடுப்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும். 'கேபிள் அடிக்கடி பொசுங்குது, கேபிள் சரியில்லை' என்று புதுசு புதுசாக வாங்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோளாறு கேபிளில் இல்லை, எர்த்தில்.

எனவே பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த கேபிள், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டை, இரண்டும் வேண்டும். மாட்டும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு மாட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். விளக்குகளுக்கும் துருப்பிடித்த தகரத்தை நம்பாமல் தனி எர்த் ஒயர் கொண்டுபோவது நல்லது.

பழைய சில டிராக்டர்களில் பாசிட்டிவை எர்த் செய்திருப்பார்கள். ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது. பேட்டரியை மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு ஒரு நொடியில் போய்விடும். எது எர்த் என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

டீசல் எஞ்சினுக்கு என்று சில ஒயர்கள்

முதலாவது, செல்ஃப். பழைய ஜீப்பில் காலால் மிதிக்கும் செல்ஃப் ஸ்விட்ச் இருந்தது. டீசல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் மேலேயே சாலனாய்டு இருக்கும். அந்தச் சாலனாய்டை இழுப்பதற்கே 30 ஆம்பியர் அளவுக்கு வேண்டியிருக்கும். சாவி ஸ்விட்ச் அதைத் தாங்காது, உள்ளே கருகிவிடும். ஆகவே நடுவில் ஒரு ரிலே வையுங்கள். ரிலே என்பது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய மதகைத் திறக்கும் கருவி. அதில் 30 என்ற முனைக்கு ப்யூஸ் வழியாகப் பேட்டரி, 87-ல் வேலை செய்யும் பொருள், 85-ம் 86-ம் சாவிக்கும் எர்த்துக்கும். ஹெட்லைட், ஹாரன், ஹீட்டர் பிளக் எல்லாவற்றுக்கும் ரிலே வைத்தால் ஸ்விட்சுகள் நீடித்து உழைக்கும். ஹீட்டர் பிளக்குக்கு மட்டும் அதன் ஆம்பியரைத் தாங்கும் பெரிய ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, எஞ்சினை நிறுத்தும் சாலனாய்டு. சில டீசல் பம்புகளில் இது உண்டு. இதற்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தால்தான் டீசல் போகும். கரண்ட் நின்றால் எஞ்சின் நிற்கும். அப்படியென்றால் ஒரே ஒரு மெல்லிய ஒயர் கழன்றால், சுமையோடு ரயில்வே கேட்டைத் தாண்டும்போதும் எஞ்சின் அணைந்துவிடும். இந்த ஒயருக்குத் தனி ப்யூஸ் போடுங்கள், நல்ல கனெக்டர் போட்டு இரண்டு இடத்தில் கிளிப் அடியுங்கள். பழைய இக்னிஷன் காயில் ஒயரை இதற்குப் பயன்படுத்த நினைப்பார்கள். சில வண்டிகளில் அந்த ஒயரில் வோல்ட்டைக் குறைப்பதற்கென்று ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கும். சாலனாய்டுக்கு முழு 12 வோல்ட் கிடைக்காமல் அது நடுவழியில் விட்டுவிடும். காயில் ஒயரை அடியோடு எடுத்துவிடுங்கள். டேப் சுற்றித் தொங்கவிடாதீர்கள். நம்ம பெரியவர் கதை நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, சார்ஜ். டைனமோ இருந்த வண்டிக்கு ஆல்டர்னேட்டர் வந்தால், டைனமோவின் பழைய கட்-அவுட் பெட்டியை வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். பழைய டேஷ்போர்டில் உள்ள ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் அந்தக் காலத்தில் மொத்தக் கரண்டும் போகும். 30 ஆம்பியர் மீட்டரில் புது ஆல்டர்னேட்டரின் கரண்டை விட்டால் மீட்டர் பின்னாலேயே தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த ஒயர் போட்டு, நடுவில் பெரிய ப்யூஸ் வைத்து, டேஷ்போர்டில் வோல்ட் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது அது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சார்ஜ் எச்சரிக்கை விளக்கு வெறும் விளக்கு என்று விட்டுவிடாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்தப் பல்பு வழியாக வரும் சின்னக் கரண்டுதான் சார்ஜைத் துவக்கி வைக்கிறது. பல்பு போனால் சார்ஜ் துவங்காமலே போகலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பதும் கூடாது. ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும்.

நாலாவது, மீட்டர்கள். எஞ்சினில் இருக்கும் ஆயில் பிரஷர், சூடு காட்டும் சென்டரும் டேஷ்போர்டு மீட்டரும் ஜோடியாக இருக்க வேண்டும். புது எஞ்சினின் சென்டரைப் பழைய மீட்டரோடு இணைத்தால் முள் பொய் சொல்லும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், முள் பாதியில் நிற்கும்.

ஒயரைக் கட்டும் விதம்

ஒயர்களை வண்டியின் மேலேயே வைத்து நீளம் பார்த்து, வளைவுகளில் ஒரு விரல்கடை தளர்ச்சி விட்டு வெட்டுங்கள். எஞ்சின் ஆடும், சேஸிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே போகும் ஒயரில் தளர்ச்சி இல்லாவிட்டால் அறுந்துபோகும். சைலன்சர் பைப்புக்கும் ஒயருக்கும் குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். டீசல் குழாயோடு சேர்த்து ஒயரைக் கட்டக் கூடாது. தகரத்தில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்தால், அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். தகர விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும்.

முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு வாரத்து வேலை. செம்பு லக் போட்டு, அதற்கென்றே உள்ள இடுக்கியால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றுங்கள். அழுத்தியபின் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கட்டு முழுவதையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ஒரு சாணுக்கு ஒரு கிளிப் அடியுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி ஏறி ஒயரைக் கடிக்கும். குழாய் அதற்கும் ஓரளவு காவல்.

கூவத்தூர், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். அங்கே ஈயம் பூசிய லக் போடுங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ் தடவுங்கள், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள்

வேலை முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டிவிடாதீர்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். மங்கலாக எரிந்தால் எங்கேயோ கசிவு. எரியாவிட்டால் பெரிய கோளாறு இல்லை. பல்பு நடுவில் இருப்பதால் ஷார்ட் இருந்தாலும் ஒயர் எரியாது. சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டுக் கேபிளை மாட்டி, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பாருங்கள்.

பிறகு மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹெட்லைட் முனைக்கும் இதே மாதிரி பாருங்கள். அங்கேயும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு பரீட்சையில் தேறிய ஒயரிங் உங்களை நடுவழியில் விடாது.

டிரெய்லரை மறந்துவிடாதீர்கள். ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமாக வரும் வண்டிக்கு, டெயில் லைட் இல்லாத கரும்பு டிரெய்லர் கடைசி நொடி வரைக்கும் தெரியாது. டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயரோடு ஏழு முனை சாக்கெட் போடுங்கள். கொக்கி வழியாக எர்த் வரும் என்று நம்பினால், ஒவ்வொரு குழியிலும் விளக்கு அணைந்து அணைந்து எரியும். பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டையும் ஒட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, கம்ப்யூட்டர் உள்ள எஞ்சின். 2023 ஜனவரி முதல், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. அதனால் இப்படிப்பட்ட பெரிய எஞ்சின்களில் டீசலின் அளவைக் கம்ப்யூட்டர் பெட்டியே தீர்மானிக்கிறது. இந்த மாதிரி எஞ்சினை வாங்கினால் அதன் ஒயரிங் கட்டு, கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், ஆக்ஸிலேட்டர் மிதி எல்லாவற்றையும் ஒன்றுகூட அறுக்காமல் முழுசாக வாங்க வேண்டும். ஒயரை வெட்டிவிட்டு எஞ்சினை மட்டும் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இரண்டு, சட்டம். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் எழுதியிருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு எஞ்சின் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே எஞ்சினை வாங்குவதற்கு முன்பே செங்கல்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஒப்புதல் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பரும் வண்டியில் வேறு நம்பரும் இருந்தால், விபத்து என்று வரும்போது நஷ்டஈடு கேட்பது பெரும்பாடாகிவிடும்.

பெரியவர் கதையை முடிக்கவில்லையே. அந்த ஜீப்பை மறுபடி கட்டினோம். இந்தத் தடவை முதல் நாளே உட்கார்ந்து அவரும் நானும் நோட்டில் படம் போட்டோம். ஒயரிங்குக்கு மட்டும் நாலு நாள் ஆயிற்று. "எஞ்சினுக்கு இத்தனை ஆயிரம் செலவு பண்ணேன், இந்த ஒயருக்குக் கணக்குப் பார்த்தேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அந்த ஜீப் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ராத்திரியில் போகும்போது, ரோட்டில் வெகுதூரத்திலிருந்தே இரண்டு சிவப்பு விளக்கு தெரிகிறது.

எஞ்சின் மாற்ற நினைக்கும் நண்பர்களே, பட்டறையில் முதல் நாளே கேளுங்கள்: "ஒயரிங்குக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கீங்க? படம் போட்டாச்சா? ப்யூஸ் எங்கே வரும்? எர்த் பட்டை எங்கே வரும்?" இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு எஞ்சினை இறக்கச் சொல்லுங்கள்.